கும்மிடிப்பூண்டி வானமும் ஒரு குழியாடியும்

வானம் பார்ப்பதிலும் ஆசாரம் பார்ப்பவர்கள் உண்டு. தெரிந்த நட்சத்திரத்தில் தொடங்கி, வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து அடுத்தடுத்த புள்ளிக்குத் தாவிப் போய்த்தான் ஒரு நெபுலாவைப் பிடிக்க வேண்டும், மோட்டார் தேடிக் கொடுத்தால் அதில் என்ன ருசி என்பார்கள். அவர்களை ஒரு ராத்திரி கும்மிடிப்பூண்டிக்கு அழைத்து வர வேண்டும். சிப்காட் விளக்குகளும் நெடுஞ்சாலை வெளிச்சமும், தெற்கே சென்னையின் மஞ்சள் மூட்டமும் சேர்ந்து, தாவிப் போகக் காலூன்ற வேண்டிய சின்ன நட்சத்திரங்களை விழுங்கிவிடுகின்றன. கணினி பூட்டிய ரிஃப்ளெக்டர் இந்த ஊரில்தான் தன் விலைக்கு நியாயம் செய்கிறது.

கருவி என்னவோ பழசுதான். அடியில் குழியாடி, வாயருகே சாய்த்து வைத்த சிறு தட்டைக் கண்ணாடி, பக்கவாட்டில் கண் வைக்கும் வில்லை. 1668-இல் நியூட்டன் செய்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவை இரண்டு மோட்டார்களும் கையடக்கமான ஒரு விசைப்பலகையும். தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்துவிட்டு, நன்றாக விலகி நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் காட்டினால் போதும். மாசி மாத முன்னிரவென்றால் உச்சியில் திருவாதிரை, தெற்கே அகத்தியர், வடக்கே கப்பெல்லா. அதன்பின் கேட்டதை நோக்கிக் குழாய் முனகிக்கொண்டே திரும்பி நிற்கும். துருவ நட்சத்திரத்தை நம்பி நிறுத்தும் தாங்கிகள் இங்கே திண்டாடும். நம் அட்சரேகையில் அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரம்தான். பாதி நாள் தூசிக்குள் கிடக்கும்.

130 மில்லிமீட்டர் ஆடி, 650 மில்லிமீட்டர் குவியத் தொலைவு, 25 மில்லிமீட்டர் கண்வில்லை: 26 மடங்கு. அதில் ஓரியன் நெபுலாவைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் விரிந்த சிறகு, அதன் மடியில் நெருக்கியடித்து நாலு நட்சத்திரம். பத்திரிகைப் படங்களில் பார்த்த சிவப்பை எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றம்தான். இருட்டில் மங்கலான ஒளிக்கு நம் கண் நிறம் காட்டாது, கேமரா காட்டும்.

கேமராவை மாட்டியதும் கணினியின் குறை வெளிப்படும். மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் மட்டுமே நகரும் தாங்கி, நட்சத்திரத்தை நடுவிலேயே வைத்திருக்கும். படத்தின் ஓரங்களோ மெல்லச் சுழலும். ஆகவே 15, 20 விநாடிக்கு மேல் திறந்து வைக்க முடியாது. இந்தச் சுழற்சி எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. ஓரியன் தெற்கே உச்சத்தைத் தொடும்போது வேகம் பல மடங்கு. கிழக்கே ஏறும்போது மிகக் குறைவு. நம் ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல்: இருப்பதில் இருட்டான திசையும் அதுதான்! பொங்கலை ஒட்டிய நாட்களில் இரவு ஏழரைக்கு ஓரியன் அங்கே பாதி வானம் ஏறியிருக்கும். தெரிந்த கை அந்த வேளையில் 100 படம் எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும், ஹைட்ரஜனின் இளஞ்சிவப்பு எழுந்து வரும். அங்கேயே நிறுத்தத் தெரிவதுதான் ரசனை. சிலர் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள்.

கணினி செய்து தராத வேலையும் உண்டு. பைக்கில் வந்த குழாயில் ஆடிகள் இம்மியளவு நகர்ந்திருந்தாலும் நட்சத்திரம் வால் முளைத்து நிற்கும். நட்சத்திரத்தைக் குவியம் தப்ப வைத்து, வளையங்கள் ஒரே மையத்தில் அமையும்வரை திருகுகளைத் திருப்ப வேண்டும். அந்தப் பொறுமைக்கு மெனுவில் பொத்தான் கிடையாது. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் நிற்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் குழியாடியை நம்பியதுதான். அளவு மாறினாலும் ஆடிகள் நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்ற விதி மாறாது.

நமக்கென்று ஒரு சொத்து தெற்கே இருக்கிறது. சென்னை வான் ஆய்வகத்தில் ரகுநாதாச்சாரி 1867-இல் கண்டறிந்த ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீன், லண்டன்காரர்கள் தங்கள் ஊரில் பார்க்கவே முடியாத தென்வானத்தைச் சேர்ந்தது. பல லட்சம் நட்சத்திரங்கள் திரண்ட ஒமேகா சென்டாரியும் அப்படியே. கும்மிடிப்பூண்டியில் அது சரியாகச் சென்னை மூட்டத்தின் மேல் ஏறித் தொலைக்கிறது. பூண்டி ஏரிப் பக்கம் போய்விடுங்கள். அங்கே சென்னை கிழக்கே ஒதுங்கிவிடும். ஏப்ரல் பாதியில், நிலா இல்லாத நாளில், நள்ளிரவில் நேர் தெற்கே 29 பாகை உயரத்தில் தேடுங்கள்.