கருத்தடை என்ற சொல்லும் தோட்டத்துப் பெண்ணும்

மருத்துவ மாணவருக்கான பாலியற் சுகாதாரக் கல்வியில் உடற்கூற்றுக்குக் கிடைக்கும் இடம் சொல்லுக்குக் கிடைப்பதில்லை. மலையகத்தில் இக்குறையின் சுமை நோயாளியின் மீதே விழுகின்றது. 1962இல் பேராதனையில் மருத்துவபீடம் தொடங்கியது. தேயிலை மலைகள் அங்கிருந்து தொலைவில் இல்லை. ஆயினும் பாடம் ஆங்கிலத்தில். 'முழுகாமல் இருக்கிறேன்' என ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு பெண் கூறின், அது கருவுற்றமையைக் குறிக்கும் என்பதை ஆங்கிலப் பாடநூல் சொல்லாது. தமிழ் மாணவனுக்கே அது தெரிந்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

தமிழால் இயலாது என்ற வாதம் வலுவற்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று நூலொன்றும் அவர் முயற்சியால் தமிழாயிற்று. ஆனால் அது மாணவனை நோக்கிய தமிழ். மாணவன் நோயாளியிடம் பேசவேண்டிய தமிழ் வேறு.

இவ்வேறுபாட்டின் பாரதூரத்தை உணரக் 'கருத்தடை' என்ற சொல்லே போதும். மாத்திரையும் கருத்தடை, மீளவியலா அறுவையும் கருத்தடை. துல்லியமான சொல் மலடாக்கல். 'மலடி' வசையாக வழங்கும் சமூகத்தில் அதனைப் பெண்ணொருத்தியின் முகத்துக்கு நேரே கூற எவரும் தயங்குவர். 'ஒப்பரேஷன்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவள் எதற்குச் சம்மதித்தாள் என்பது தெளிவற்றுப் போகிறது.

இவ்வறுவைக்கான அரச ஊக்கத்தொகை 1980இல் 100 ரூபாவாகத் தொடங்கி, அவ்வாண்டிலேயே 500 ரூபாவாக உயர்ந்தது. தோட்டத் தொழிலாளியின் அன்றைய நாட்சம்பளத்தோடு ஒப்பிடின் அது சிறுதொகையன்று. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தால் பெருந்தொகையினர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஒரு சமூகம், தன் பிறப்பு வீதத்தின்மீது அரசு காட்டிய அக்கறையை ஐயுற்றதில் வியப்பில்லை. அறுவையைத் தாமே விரும்பிக் கேட்ட பெண்களும் உளர். அதை மறுப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். எனினும் கேட்டவளையும் கேட்காதவளையும் படிவத்திலுள்ள கைநாட்டு வேறுபடுத்திக் காட்டாது.

ஆதலின் மாணவனுக்கு வேண்டியது வெறும் சொற்பட்டியலன்று. 'இதற்குப் பிறகு பிள்ளை பிறக்காது. மாற்றுவதும் கடினம்' என எளிய தமிழிற் சொல்லவும், விளங்கியதை அவளே தன் வார்த்தையிற் கூறக் கேட்கவும் அவன் பழகவேண்டும். மொழிபெயர்ப்பவர் யார் என்பதும் பாடத்தின் பகுதியே. தோட்ட மருத்துவ உத்தியோகத்தரும் மருத்துவிச்சியும் நீண்டகாலம் நிர்வாகத்திடமே சம்பளம் பெற்றவர்கள். அவர்கள் வாயிலாக வரும் 'சம்மதமா?' என்ற கேள்வி, அவள் காதில் துரையின் கேள்வியாகவும் விழக்கூடும்.