முறையிடத் தெரிந்த விசுவாசம்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் நம் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஆண்டு முழுக்க அது பீரோக் கண்ணாடியிலோ பைபிளுக்குள்ளோ இருக்கும். சங்கீதம் 23, 91, 121 எல்லாம் திரும்பத் திரும்ப வரும். 88 வந்து நான் பார்த்ததில்லை. சிறுவயது முதல் துன்பத்தில் கிடக்கும் ஒருவன் இரவும் பகலும் கடவுளைக் கூப்பிட்டு, பதில் வராமல், இருட்டோடு முடிக்கிற சங்கீதம் அது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடு என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். 88 திரும்பவில்லை. ஆனாலும் தொகுத்தவர்கள் அதைத் தள்ளிவிடவில்லை.

ஒரு சாவின் ஈரம் காயுமுன் வீட்டுக்குள் அடுத்த நோய் நுழைந்த கிறிஸ்தவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான்: 'ஏன்' என்ற கேள்விக்கு அவர்களில் யாருக்கும் விடை கிடைக்கவில்லை, அந்தக் கேள்வியைக் கடவுளிடமே கேட்கலாம் என்ற உரிமைதான் அவர்களைத் தாங்கியது. யோபு புத்தகமும் அங்கேதான் நிற்கிறது. விளக்கம் சொன்ன மூன்று நண்பர்கள் கடிந்துகொள்ளப்படுகிறார்கள். வழக்காடியவன் சரியாகப் பேசினான் என்று கடவுளே சொல்கிறார்.

ஜெர்மானியப் பாடலாசிரியர் பவுல் கெர்ஹார்ட் (1607-1676) முப்பதாண்டுப் போருக்குள் வளர்ந்தவர். நாற்பத்தேழு வயதில்தான் திருமணம். பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வர் போய்விட்டார்கள். மனசாட்சிக்கு ஒவ்வாத ஆணைக்குப் பணியாததால் பெர்லினில் குருப்பணியும் போயிற்று. 1668-இல் மனைவி இறந்தார். எஞ்சிய ஒரு மகனோடு லூபென் என்ற சிற்றூருக்குப் போய், அங்கேயே முடிந்தார். இவர் பாடல்களில் துக்கமும் துதியும் ஒரே மூச்சில் வரும். இந்த ஜெர்மன் ஞானப்பாட்டு மரபைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் மிஷனரி பப்ரிசியுஸ். அதனால்தான் நம் லுத்தரன் துக்க வீடுகளில் பாடப்படும் பாட்டுகளுக்கு இன்னும் ஒரு கனம் இருக்கிறது. இன்றைய கீபோர்டுப் பாடல்களில் அந்தக் கனத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டின் கதையை நம் பிரசங்கிமார் விரும்பிச் சொல்வார்கள். 1873 நவம்பர் 22 அன்று 'வில் து ஹாவ்ர்' கப்பல் அட்லாண்டிக்கில் மோதி மூழ்கியபோது நான்கு மகள்களும் இறந்தார்கள். மனைவி அன்னா மட்டும் பிழைத்தார். அதன்பின் ஸ்பாஃபோர்ட் எழுதிய பாடல் உலகப் புகழ் பெற்றது. பிரசங்கம் அங்கே நின்றுவிடும். ஆனால் 1880-இல் அவர்களுடைய ஒரு மகனையும் செங்காய்ச்சல் கொண்டுபோயிற்று. இத்தனை சாவும் தண்டனைதானோ என்ற பேச்சு சபைக்குள் எழுந்தது. தம்பதியர் அந்தச் சபையை விட்டு வெளியேறினார்கள். 1881-இல் எருசலேமில் போய்க் குடியேறினார்கள். விசுவாசத்தை விடவில்லை, சபையைத்தான் விட்டார்கள். பாடலைவிட இந்தப் பின்பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சி. எஸ். லூயிஸ் 1940-இல் வேதனை ஏன் இருக்கிறது என்று ஒரு தர்க்க நூல் எழுதினார், நல்ல நூல்தான். 1960-இல் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தார். லூயிஸின் சிறுவயதில் அவருடைய தாயைக் கொண்டுபோனதும் அதே நோய். மறு ஆண்டு வெளிவந்த துக்கக் குறிப்புகளில் அந்தத் தர்க்கம் எதுவுமே கைகொடுக்கவில்லை. கடவுள் மீதே சந்தேகமும் கோபமும். வேறொரு பெயரில்தான் வெளியிட்டார். பின்னதைத்தான் இன்று துக்கத்தில் இருப்பவர்கள் தேடிப் படிக்கிறார்கள்.

மருத்துவ உளவியல் பக்கம் கென்னத் பார்கமென்ட் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வு என் கருத்துக்கு ஒரு கடிவாளம். 55 வயதுக்கு மேற்பட்ட 596 உள்நோயாளிகளை இரண்டு ஆண்டு கவனித்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டார், என்மேல் அன்பில்லை என்று நினைத்தவர்களிடையே மரண அபாயம் கூடுதலாக இருந்தது. அப்படியானால் கேள்வி கேட்பதே ஆபத்தா? 2004-இல் வந்த தொடர் ஆய்வின்படி, நெடுநாள் அந்தப் போராட்டத்திலேயே சிக்கிக் கிடந்தவர்கள்தான் அதிகம் நலிந்தார்கள். முறையீடு தனியாக, வாய்விட முடியாமல், உள்ளேயே புழுங்கும்போது என்ன ஆகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அது என் ஊகம்தான், ஆய்வின் முடிவு அல்ல.

செழிப்பு உபதேசத்தின் வரலாற்றை எழுதிய கேட் பௌலருக்கு 35 வயதில், நான்காம் கட்டப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரியவந்தது. 'விசுவாசித்தால் சுகம்' என்பதை ஆராய்ந்தவரே படுக்கையில் கிடந்து அதே வசனங்களைக் கேட்க நேர்ந்ததை 2018-இல் கூர்மையான நகைச்சுவையோடு எழுதினார். நம் ஊரிலும் சாட்சி நேரத்தில் மைக் கைக்கு வருவது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர்களுக்குத்தான். மூன்று வருடமாகக் கணவனை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிற பெண்ணிடம் "உபவாசம் இருந்து பாருங்கம்மா" என்பார்கள். அவர் "சரிங்கய்யா" என்பார், அவ்வளவுதான்.

துன்பத்தைப் பற்றிய இந்த எழுத்துகளின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பேசியவர்கள் பெரும்பாலும் நோயாளிகள், போதகர்கள், பேராசிரியர்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களின் குரல் குறைவு. யோபின் மனைவி பேசியது ஒரே ஒரு வசனம். அதை வைத்தே அவளை அவிசுவாசி ஆக்கிப் பிரசங்கம் பண்ணுகிறோம். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தது அவளும்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய ஒரு நோய்க்கால நினைவுக்குறிப்பு தமிழில் என் கைக்கு இதுவரை வரவில்லை.