மெத்தையைப் பாருங்கள்: ஆம்பூர் வெயிலில் மூன்று மலிவு ஹெட்போன்கள்

ஏப்ரல், மே இரண்டு மாதமும் மூன்று வயர்லெஸ் கருவிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். காதை மூடும் ஹெட்போன் ஒன்று, கழுத்தில் கிடக்கும் நெக்பேண்ட் ஒன்று, இயர்பட்ஸ் ஒரு ஜோடி. ஒவ்வொன்றும் 1,500 ரூபாய்க்குள் வாங்கியவை. இந்த விலையில் மாடல்கள் சீக்கிரம் மாறிவிடும், நீங்கள் கடைக்குப் போகும்போது நான் வாங்கியது இருக்காது. அதனால் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு வகைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காலையில் ஆம்பூரிலிருந்து குடியாத்தம் வழியாகக் காட்பாடி வரை ரயில், பகலில் வேலூரில் வேலை, மாலையில் நெடுஞ்சாலை பஸ். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் இதுதான் சோதனை.

ஒலி

பேச்சு, செய்தி, பழைய பாட்டு எல்லாம் மூன்றிலும் தெளிவு. ஆனால் மூன்றிலுமே பேஸைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். இளையராஜா பாட்டில் தனியாக நடந்துபோகும் பேஸ் கிதார், தபேலாவோடு சேர்ந்து குழைந்துவிடுகிறது. போனில் ஈக்வலைசரைத் திறந்து பேஸை இரண்டு படி இறக்கியதும் குரல் முன்னே வந்தது. இதைச் செய்யாமல் எந்த மலிவு ஹெட்போனையும் குறை சொல்லாதீர்கள்.

பெட்டியில் உள்ள எழுத்துகள்

இ.என்.சி. என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து, வெளிச்சத்தம் கேட்காது என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். அது உங்கள் மைக்குக்கானது. நீங்கள் பேசும்போது சுற்றியுள்ள இரைச்சலைக் குறைத்து எதிர்முனைக்கு அனுப்பும். உங்கள் காதுக்கு வரும் சத்தத்தைக் குறைப்பது ஏ.என்.சி. லாரிகள் ஓடும் சாலையோரம் நின்று வீட்டுக்குப் பேசியபோது, நெக்பேண்டில் என் குரல் நன்றாகக் கேட்டதாகச் சொன்னார்கள். ஹெட்போனில் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, நம் வியர்வையில் உப்பு இருக்கிறது. இரவில் ஒருமுறை துடைத்து வையுங்கள். பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிடாத பெட்டியை வாங்காதீர்கள்.

மெத்தை

காதை மூடும் ஹெட்போனில் பாட்டு கேட்க ஆசைதான். பத்தாவது நிமிடம் காதைச் சுற்றி வியர்வை வழிகிறது. இதே வகையில் என்னிடம் இரண்டு வருடப் பழையது ஒன்று உண்டு. அதன் மெத்தை கறுப்புச் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். அதை எடுத்துக்கொண்டு, ஷூ அப்பர் தைக்கும் யூனிட்டில் கட்டிங் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். "இது தோலே இல்ல தம்பி, ரெக்சின்."

துணியின்மேல் பாலியூரித்தேன் பூச்சு, அவ்வளவுதான். சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் பிணைப்புகள் அறுந்து உதிர்கின்றன. பெட்டியிலிருந்து எடுக்காமலே வைத்திருந்தாலும் மெல்ல மெல்ல இது நடக்கும். தோலின் நார்ப் பின்னல் வியர்வையின் ஆவியை உள்வாங்கி வெளியே விடும். ஷூவுக்கு உள்ளே ஆட்டுத்தோல் லைனிங் கொடுப்பது அதற்காகத்தான்.

கழித்துப்போட்ட லைனிங் துண்டுகளில் இரண்டை எடுத்து, பழைய உறையை அளவு வைத்து வெட்டினார். ஓரத்தை ஸ்கைவிங் செய்து மெலிதாக்கி, அரை மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தார். முதல் வாரம் கொஞ்சம் விறைப்பு. பிறகு காதோடு படிந்துவிட்டது, உரிந்த உறையின் இடுக்கில் கசிந்துகொண்டிருந்த பேஸும் திரும்பி வந்தது. வியர்வை நின்றுவிடவில்லை, ஆனால் தோலில் பிசுபிசுவென்று ஒட்டுவதில்லை. பத்து நிமிடம் தாங்காத ஹெட்போனை இப்போது காட்பாடி வரை கழற்றாமல் போட்டுப் போகிறேன்.

சத்தம்

நம் ஊர்த் தோல் தொழிற்சாலைகளில் டிரம், பஃபிங், ஸ்பிளிட்டிங் மெஷின் பக்கத்தில் நிற்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரைச்சலை மறைக்கப் பாட்டைக் கூட்டாதீர்கள். மெஷின் சத்தமும் பாட்டும் இரண்டுமே காதுக்குள் போகும். இந்த மூன்று கருவிகளும் காதுக்காப்பு அல்ல, அதற்கென்று செய்த இயர்பிளக்கை கம்பெனியில் கேட்டு வாங்குங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். போன் வால்யூமை 60 சதவீதத்துக்குள் வைப்பது எளிய கணக்கு. வண்டி ஓட்டும்போது மூன்றுமே வேண்டாம்.

எதை வாங்கலாம்?

நாள் முழுக்கப் போன் பேசுபவருக்கு நெக்பேண்ட். காதில் காற்றுப் படும், கழற்றினாலும் கழுத்திலேயே கிடக்கும், தொலையாது. இயர்பட்ஸ் நடைப்பயிற்சிக்கு நன்று. ரயில் கதவோரம் நின்று போடாதீர்கள், ஒன்று விழுந்தால் ஜோடியே வீண். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கக் காதை மூடும் ஹெட்போன். ஆனால் கடையிலேயே மெத்தையை இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் வாங்குங்கள், உரியும் நாளில் உறையை மாற்றிக்கொள்ளலாம். பிசின் போட்டு ஒட்டியிருந்தால், நல்ல ஸ்பீக்கரும் பேட்டரியும் உள்ளே இருக்கும்போதே குப்பைக்குப் போய்விடும். தோல் வேலை தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருக்கும் நம் ஊரில் அப்படி ஆக விடக்கூடாது.