கன்னத்தின் உட்தோல்

பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்கு வாய்ப்புற்றோடு வருபவர்களில் பலர் வெற்றிலை, பாக்கு, புகையிலை மென்றவர்கள். நான் ரசிப்பதோ நோய் தொடாத கன்னத்தின் உட்தோலை. நுணுக்குக்காட்டியில் கலங்களுக்கிடையே முள்முள்ளாய் நுண்ணிய இணைப்புகள் தெரியும். அங்கே கலங்களை ஒன்றோடொன்று பிடித்திருப்பவை கெடெரின் குடும்பப் புரதங்கள். கெடெரின் என்பது 1984இல் ஜப்பானில் தாகெய்ச்சி என்ற ஆய்வாளரின் குழு சூட்டிய பெயர். கல்சியம் இல்லையேல் பிடி கழன்றுவிடும்.

புற்றின் விளிம்பில் அக்குடும்பத்து ஈ-கெடெரின் குறையக் குறையக் கலங்கள் நழுவுகின்றன. நழுவினால் மட்டும் போதாதே, ஊர்வதற்கும் பிடிமானம் வேண்டும்: இன்டெக்ரின் என்ற புரதங்கள் கொலாஜன் நாரைப் பற்றி இழுக்கின்றன. சில கலங்களோ ஒன்றையொன்று விடாமல் கூட்டமாகவே நகரும். ஒட்டுதல் குறைந்தால்தான் பரவும் என்ற பாடத்துக்கு இது இடைஞ்சல். எனக்கோ இதுதான் சுவையான பகுதி. ஊர்ந்தவை பெரும்பாலும் முதலில் தங்குவது கழுத்து நிணநீர்க்கணுக்களில். வாயைப் பார்க்கும் வைத்தியர் கழுத்தையும் தடவிப் பார்ப்பது அதனால்தான்.