ரெமோர்க்: காதலைவிட வடம் பெரிசு

ழான் கிரெமியோன் இயக்கி 1941-ல் வெளிவந்த பிரெஞ்சுப் படம் 'ரெமோர்க்'. ழான் கபேன், மிஷேல் மோர்கன் நடித்த காதல் படம்னுதான் பேர். எனக்கென்னவோ இதில் கதாநாயகனே அந்த இழுவை வடம்தான்.

பிரெஸ்ட் துறைமுகத்தில் நிற்கும் மீட்புக் கப்பல் 'சிக்ளோன்'. கல்யாண விருந்தின் நடுவே அழைப்பு வருது. மாலுமிகள் சாப்பாட்டை விட்டுட்டுப் புயலுக்குள் போறாங்க. உயிரைப் பணயம் வைத்து ஒரு கப்பலை இழுத்து வந்தால், அதோட கேப்டன் மீட்புக் கூலியிலிருந்து தப்பிக்க வடத்தையே வெட்டி விடுறான்!

இந்தத் தொழிலில் கப்பல் பிழைத்தால்தான் காசு. பிழைக்கலைன்னா ராத்திரி முழுக்கப் பட்ட பாட்டுக்குக் கூலி கிடையாது. வடம் அறுந்தால் சம்பாத்தியமும் அறுந்தது.

இவ்வளவு வலுவான முடிச்சைப் போட்டுவிட்டு, படம் காதல் பக்கம் ஒதுங்கிடுது. அதுதான் என் குறை. புயல் காட்சிகளின் மாதிரிக் கப்பல்கள் பொம்மைன்னு தெரியுது, அது பரவாயில்லை.

ஆனா முடிவு? மனைவி இறந்த கையோடு அடுத்த அழைப்பு. கபேன் கிளம்புறார். கடமை உணர்வுன்னு சிலர் கைதட்டலாம். எனக்கு அது, வேலை ஒரு மனுஷனை விடாமல் கட்டி இழுப்பதாகத்தான் தெரிந்தது. இதுக்காகவே பாருங்க.