கொட்டியாரமும் ஒறினோக்கோவும்

பயண நூல்களை மதிப்பிடுமிடத்து, ஆசிரியன் எத்துணைத் தொலைவு சென்றான், எத்துணை அரியவற்றைக் கண்டான் என்பவற்றையே நம்மவர் பெரும்பாலும் நோக்குகின்றனர். தென் அமெரிக்காவின் பெருங்காடுகளிலும் அந்தீசு மலைகளிலும் திரிந்தவன் எழுதியது என்றால் வியப்புடன் படிக்கின்றோம். நமது துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலே பிடிபட்டு, காடும் மலையும் கடந்து, பத்தொன்பது ஆண்டுகளின் பின் மீண்டவன் எழுதியதை நூலகத்தில் தூசி தட்டி எடுப்பார் இலர். தொலைவை விடுத்து வேறோர் அளவுகோலை இங்கே கொள்வோம். வழியிலே வாழும் மனிதர் அந்நூலில் எவ்விடம் பெறுகின்றனர் என்பதே அது.

இவ்வளவுகோல் நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளிற் பெரும்பகுதியை மலைவழி கூறுவதற்கே செலவிடுகின்றது. நன்னனிடம் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார், பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது என்றெல்லாம் எடுத்துரைக்கின்றார். மலை அழகியது என்று சொல்லி அவர் அமையவில்லை. எவ்வூரில் எவர் உளர், அவர்முன் சென்று யாது கூறவேண்டும், அவர் எவ்வுணவு அளிப்பர் என்பனவும் அவ்வழியின் பகுதியாகவே அமைகின்றன. பின்னால் வருபவன் பிழைக்கவேண்டுமே என்ற கவலை அப்பாட்டில் அடியோட்டமாக உள்ளது.

இனி றொபேட் நொக்சைக் காண்போம். 1659 ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் கப்பல், அதனைச் சீர்செய்துகொள்ளக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. கப்பற்றலைவரும், அவர் பெயரையே தாங்கிய பத்தொன்பது வயது மகனும், உடனிருந்தோரும் 1660 ஏப்பிரலில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். மூதூரில் ஒரு புளியமரத்தடியில் இது நிகழ்ந்ததென்பது ஊர் வழக்கு. அதனைக் குறிக்கும் நினைவுக்கல்லும் அங்கு உண்டு. அவ்விடத்தைக் காணவென இறங்குதுறையிற் படகேறிச் சென்றபோது, உடன்வந்த மாணவர் ஒருவரேனும் நொக்சின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. றொபின்சன் குறூசோவை எல்லோரும் அறிந்திருந்தனர். இதனைப் பின்னரும் பேசவேண்டியிருக்கின்றது.

மகாவலிகங்கை கொட்டியாரக் குடாவிலே கடலொடு கலக்கின்றது. கழிமுகத்தருகே சிறைப்பட்டவன் பின்னர் அதே ஆற்றின் மேற்பகுதி நாட்டில், கம்பளைக்கு அணித்தாகிய எலதெத்தையில், வீடு கட்டி வாழ நேர்ந்தது. இடையிலே தந்தை காய்ச்சலிலும் துயரத்திலும் 1661 பெப்ரவரியில் இறந்தார். உடலைப் புதைக்க உதவி கேட்டபோது, அயலார் மாடு கட்டும் கயிற்றைக் கொணர்ந்து, அதனாற் காட்டுக்குள் இழுத்துச் செல்லலாம் என்றனராம். நொக்ஸ் இதனைச் சில வரிகளிற் கூறி நகர்ந்துவிடுகின்றான். அலங்காரம் சிறிதும் இல்லாத அவ்வரிகளை நான் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த நாளிற் குறையெனக் கருதினேன். இன்று அவையே அந்நூலின் சிறந்த பகுதிகளுள் அடங்குவன என்பேன். சில காலத்தின் பின், ஒரு முதியவரிடமிருந்து ஆங்கில விவிலியம் ஒன்றைத் தான் பின்னிய தொப்பிக்கு மாற்றாகப் பெற்ற செய்தியும் அவ்வாறே சொல்லப்படுகின்றது.

தொப்பி பின்னுதலும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தலும், மூட்டை சுமந்து ஊரூராக விற்றலும் அவனுடைய தொழில்களாயின. விற்கச் சென்ற ஊர்களே அவனுக்கு வழி கற்பித்தன. 1679 செப்ரெம்பர் 22 இல் இசுடீபன் றட்லாந்து என்னும் தோழனுடன் புறப்பட்டபோது, முள்ளுக்கு அஞ்சிக் காலணி செய்துகொள்ள மான்தோலும், மழைக்குக் கூடாரமாகத் தாழிப்பனை ஓலையும் கொண்டு சென்றான். அநுராதபுரத்தில் உலர்ந்த மானிறைச்சி வாங்க வந்தோம் என்று பொய் கூறி மூன்று நாள் தங்கினர். அங்கு வாழ்ந்தோர் தமிழர். பின்னர் அருவியாற்றங்கரையைப் பற்றிச் சென்று, ஒக்டோபர் 18 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். நூல் 1681 இல் இலண்டனில் வெளியாயிற்று.

இந்நூலிற் காடு எங்கும் மனிதர் உளர். ஆயினும், இறுதிப் பயணத்திலே அவன் யானையைக் காட்டிலும் அம்மனிதருக்கே மிகுதியாக அஞ்சுகின்றான். வேடரின் சுவடு கண்டாலும் நடுங்குகின்றான். தப்பியோடும் கைதிக்கு இவ்வச்சம் இயல்பே. மன்னிக்க இயலாதது வேறொன்று. விடுதலை பெற்றுக் கப்பற்றலைவனான பின், மடகாசுக்கரில் அடிமைகளை வாங்கச் சென்ற கப்பலையும் இவன் நடத்தினான். தன் சிறைவாழ்வை இத்துணை நுணுக்கமாக எழுதியவனுக்குப் பிறர் சிறை கண்ணிற் படவில்லை.

அலெக்சாண்டர் வொன் அம்போல்ட் வேறு வகையினர். 1799 முதல் 1804 வரை பொன்பிளாண்டுடன் அமெரிக்க நாடுகளிற் பயணம் செய்த இவர், தாமே விரும்பிச் சென்றவர். பாரமானியும் வெப்பமானியும் உடன் கொண்டு சென்றவர். 1800 இல் ஒறினோக்கோ ஆற்றின் வழியே சென்று, அது காசிக்கியாரே என்னும் கால்வழியால் அமேசன் நீர்த்தொகுதியுடன் இணைவதை நேரிற் கண்டு உறுதிசெய்தார். 1802 இற் சிம்பொறாசோ மலையில் ஏறத்தாழ 5,900 மீற்றர் உயரம்வரை ஏறி, ஈறுகளிற் குருதி கசிய, ஒரு பிளவு குறுக்கிட்டதால் திரும்பினார். எவ்வுயரத்தில் எத்தாவரம் வளரும் என்பதை ஒரே மலைப்படத்திற் காட்டினார். வலென்சியா ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தமைக்குச் சூழவுள்ள காட்டை அழித்தமை ஒரு காரணம் எனவும் அவர் எழுதினார். குளத்தை நம்பி வாழும் நம் மாவட்டத்தார் அப்பகுதியை ஊன்றிப் படித்தல் நன்று.

கருவிகளின் எண்கள் மலிந்த சில பக்கங்களைத் தாண்டிச் செல்லவே நான் விரும்புவேன். ஆனால் மைப்பூரேயில் அவர் கேட்ட செய்தியொன்றைத் தாண்ட முடியாது. அங்கிருந்த முதிய கிளி ஒன்று பேசுவது எவருக்கும் விளங்கவில்லையாம். அற்றுப்போன அத்தூரே மக்களின் மொழியை அது பேசுகின்றது என்றனராம் ஊரார். அளவையில் அகப்படாத ஒன்றையும் அம்போல்ட் விடாது குறித்துக்கொண்டார்.

குறூசோவுக்கு இனி வருவோம். 1719 இல் வெளியான அக்கதையின் தீவு, ஒறினோக்கோவின் கழிமுகத்தருகே இருப்பதாகத் தானியல் டீபோ அமைத்தார். அதற்கு மூலமாகச் செல்கேர்க்கின் தனிவாழ்வையே பலரும் கூறுவர். நொக்சின் நூலும் துணைநின்றிருக்கலாம் என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். டீபோ அதனை அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. 1720 இல் எழுதிய ‘கப்டன் சிங்கிள்டன்’ கதையில் நொக்சின் வரலாற்றையே சுருக்கிச் சேர்த்துள்ளார். எலதெத்தையில் வீடு கட்டியவனும் தீவில் வீடு கட்டியவனும் அருகருகே நிற்கும்போது வேறுபாடு தெளிவாகின்றது. நொக்சுக்கு நெல் கடன் வாங்கியோர் உண்டு, கயிறு கொணர்ந்தோர் உண்டு, தொப்பி பெற்றுக்கொண்ட முதியவர் உண்டு. குறூசோவின் தீவில் நெடுங்காலம் ஒருவரும் இல்லை. மணலிற் காலடி கண்டதும் அச்சமே பிறக்கின்றது. மக்கள் நீக்கப்பட்ட காடு கதைக்கு வசதியானது. நம் வகுப்பறைகளுக்கு அக்காடே வந்து சேர்ந்தது. ‘நான் சென்ற ஒரு பயணம்’ என்று எழுதச் சொன்னால், வெருகலுக்குச் சென்று வந்த மாணவனும் மரம், அருவி, குரங்கு என்றெழுதி முடிக்கின்றான். அங்கே தேனெடுக்கும் வேடர் ஒருவரும் அவன் கட்டுரையிற் புகுவதில்லை.

நொக்சிடத்தும் ஓர் இடைவெளி உண்டு. அநுராதபுரத்தில் மூன்று நாள் இறைச்சிக்குக் காத்திருந்த அவ்விரு அந்நியரையும் பார்த்து அங்கிருந்த தமிழர் தம்முள் யாது பேசிக்கொண்டனர் என்பது நூலில் இல்லை. அவன் பயின்றிருந்தது சிங்களம். அவர்கள் பேசியது அவனுக்கு விளங்கவில்லை.