புல்லினமும் கம்பளியும்

ஆட்டினங்களைச் சீர்திருத்தி மிகுந்த மயிரும் பயனும் பெறுதல் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கில நூல்களின் வழிவந்தவை. அவற்றில் அறியத்தக்க செய்திகள் உண்டு. ஆயினும் சொல்லாட்சியை நோக்குமிடத்துப் பெருங்குறை ஒன்று புலப்படுகின்றது. வெள்ளாடும் செம்மறியும் 'ஆடு' என்னும் ஒரே சொல்லில் அடைக்கப்படுகின்றன. செம்மறியின் சுருள்மயிர், அங்கோரா வெள்ளாட்டின் நீண்ட மயிர், காசுமீர வெள்ளாட்டின் மென்மையான அடிமயிர் ஆகிய மூன்றுமே 'கம்பளி' எனப்படுகின்றன. எவ்விலங்கு எதனைத் தரும் என்று அறியாமலே மாணவன் தேர்வெழுதி முடித்துவிடலாம். பாரிட் புந்தாரில் நான்கு ஆடு வாங்க எண்ணுபவனோ அவ்வெழுத்தை நம்பினால் கைப்பணத்தை இழப்பான்.

தமிழில் சொல் இல்லாமையால் நேர்ந்ததன்று இது. தொல்காப்பிய மரபியல் யாட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர் கூறும், பெண்ணுக்கு மூடு, கடமை என்பன, இளமைக்கு மறி. முல்லைக்கலி ஆயரைக் கோவினத்தார், கோட்டினத்தார், புல்லினத்தார் எனப் பகுக்கும். பசுவும் எருமையும் நீங்கலாக, ஆட்டு மந்தை வைத்திருந்தோரே புல்லினத்தார். இற்றைநாள் நூல்கள் வெள்ளாட்டையும் செம்மறியையும் சேர்த்துக் கூற வேண்டியவிடத்துச் 'சிறிய அசைபோடும் விலங்குகள்' என்று நீட்டி எழுதுகின்றன. 'புல்லினம்' என்னும் சொல் கையிலிருக்க இத்துணை முயற்சி எதற்கு? சேர்த்துச் சொல்லப் புல்லினம், பிரித்துச் சொல்ல வெள்ளாடும் செம்மறியும் என்று கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

சொற்குறையினும் பெரியது பொருட்குறை. மயிர் மிகுதலே இன மேம்பாடு என இக்கட்டுரைகள் கொள்கின்றன. குளிர்நாட்டு நூல்கள் அவ்வாறு கூறுதல் இயல்பே. நீலகிரியிலும் அது பொருந்திற்று. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்ச் செம்மறியோடு தாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகியவற்றைக் கலந்து பெற்றதே நீலகிரிச் செம்மறி. பின்னர் உதகைக்கு அண்மையிலுள்ள சாண்டிநல்லா நிலையத்தில் அதனை மீண்டும் மெரினோ, ராம்புலே கடாக்களோடு சேர்த்துச் 'சாண்டினோ' என்னும் இனத்தை உருவாக்கினர். மலையிலிருந்து இறங்கிச் சேலம் பக்கம் வந்தால் மேச்சேரிச் செம்மறிக்குக் கம்பளியே இல்லை. இறைச்சிக்கும் தோலுக்கும் அது பெயர்பெற்றது. அதனைத் தாழ்ந்த இனமென்று கூறுவார் எவரும் இலர்.

காசுமீர அடிமயிரின் செய்தி இன்னும் தெளிவானது. 19 மைக்ரானுக்கும் நுண்ணிய அம்மயிர் வளர்வதும் உதிர்வதும் பகற்பொழுது நீள்வதையும் குறைவதையும் பின்பற்றியவை. பாரிட் புந்தாரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் உள்ளது. ஆண்டு முழுவதும் பார்த்தாலும் அங்கே பகலின் நீளம் அரைமணி அளவே வேறுபடும். அவ்வெள்ளாட்டைக் கிரியானில் கட்டிவைத்து அடிமயிரை எதிர்பார்ப்பது வீண். இதனைக் குறிப்பிடும் தமிழ்க் கட்டுரை அரிது.

மலேசியாவின் பட்டறிவும் நூல்களில் இடம்பெற வேண்டும். 1970-களின் இடையில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மரங்களுக்கிடையே செம்மறி மேய்ப்பதை ஆராயத் தொடங்கிற்று. களையெடுக்கும் செலவு குறையும், இறைச்சியும் கிடைக்கும் என்பது நோக்கம். 'மாலின்' எனப்படும் உள்நாட்டுச் செம்மறியோடு டார்செட் ஹார்ன் கடாக்கள் சேர்க்கப்பட்டன. குட்டிகள் பருத்தன, ஆனால் வெப்பமும் ஈரமும் மிக்க நாட்டில் அடர்மயிர் சுமையே. கத்தரித்த மயிரை வாங்கும் தொழிலும் இங்கில்லை. ஆகவே பின்னர் பார்பேடோஸ் பிளாக்பெல்லி, சாந்தா இனேசு முதலிய மயிர் குறைந்த இனங்கள் நாடப்பட்டன. கம்பளி பெருகுவது மேம்பாடு என்னும் பாடத்தை இந்நாடே மறுத்துக்காட்டிய நிகழ்ச்சி இது.

மயிரை விடுத்துக் குட்டியீனும் வளத்தை நோக்கின், வங்கத்துச் சுந்தரவனக் காரோல் செம்மறி நினைவுக்கு வரும். உருவிற் சிறியது, சேற்றிலும் நீரிலும் நின்று மேயும். ஓரீற்றில் பல குட்டி தரும் அதன் மரபணுவே ஆஸ்திரேலியாவின் புரூலா மெரினோவிலும் காணப்படுவது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்திலிருந்து கப்பலேறிய செம்மறிகளின் வழி அது சென்றதென்பர். அம்மரபணு மாற்றம் 2001-இல் இனங்காணப்பட்டது. மராட்டியத்துப் பல்தான் ஆய்வு நிலையம் அதனைத் தக்காணச் செம்மறியில் புகுத்திற்று. பெருநாட்டார் போற்றும் வளம் சேற்றுநிலத்துக் குற்றினத்திலிருந்து பிறந்ததென்பது நெல்வயல் சூழ்ந்த கிரியான் வட்டாரத்தார்க்குச் சுவையான செய்தி. எனினும் குட்டி மிகுந்தால் தாய்க்குப் பாலும் தீனியும் மிகவேண்டும். அவ்வொழுங்கில்லாத பட்டியில் இரட்டைக்குட்டியும் நட்டமே.

தோட்டத்து வரிசை வீடுகளில் தமிழர் வளர்த்தது பெரும்பாலும் வெள்ளாடு. சிறிய காச்சாங் வெள்ளாட்டோடு ஜமுனாபாரியும், பிற்காலத்தில் போயரும் கலக்கப்பட்டன. உடல் பருக்கக் கலப்பு உதவிற்று. ஆனால் ஈரமண்ணில் மேயும் ஆட்டின் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழுக்கள் பெருகுவதைக் கலப்பு ஒன்றே தடுத்துவிடாது. பல பட்டிகளில் அப்புழுக்கள் மருந்துக்கும் அடங்குவதில்லை. தரையை விட்டு உயர்த்திப் பலகை இடைவெளியிட்டுக் கட்டும் கொட்டில், காலையில் பனி உலர்ந்தபின் மேயவிடுதல் ஆகியன அதற்கு உதவுவன. சிக்னல் புல் எனப்படும் பிராக்கியாரியாவை மேய்ந்த செம்மறிக்கு ஈரல் கெட்டு, வெயிலில் தோல் வெந்து, சாவும் நேர்வதுண்டு. இத்தகைய செய்திகளை ஓரிரு வரியில் தள்ளிவிட்டு, மெரினோவின் மயிர் நுண்மைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கும் பாடத்தை எடுத்து நடத்தும் தமிழாசிரியர், வகுப்பிலேனும் இவ்விரண்டையும் இடம் மாற்றிக் கொள்ளலாம்.